சோறறிந்த நாக்குக்குச் சாக்கே

சிங்கப்பூரில் ஜப்பானிய உணவகத்துக்குச் செல்லும் நம்மவர் பலர் அரிசி மதுவான சாக்கேயைக் கேட்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. விலைப்பட்டியலில் கண்ணை ஓடவிட்டு, கையைக் கடிக்காத விலையில் உள்ள, மிகுதியாகத் தீட்டிய அரிசியில் செய்த டாய்கின்ஜோ வகை ஒன்றைச் சுட்டிக்காட்டுவார்கள். அது பனிக்கட்டி நிரம்பிய வாளியில் வந்து நிற்கும். முதல் மிடறில் பழவாசனையும் வழுவழுப்பும் தெரியும். சாக்கே என்றால் இதுதான் என்ற முடிவோடு வீடு திரும்புவார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். பிறகு ஒருநாள், குப்பேஜ் பிளாசாவில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் சிறிய கடை ஒன்றில், மேசைக்கு அப்பால் நின்றிருந்த முதியவர் ஒரே புட்டியிலிருந்து எனக்கு மூன்று கிண்ணங்கள் ஊற்றித் தந்தார். ஒன்று குளிர்ந்திருந்தது, ஒன்று அறைவெப்பத்தில் இருந்தது, ஒன்று வெந்நீரில் வைத்துச் சூடேற்றப்பட்டிருந்தது. மூன்றும் ஒரே மதுதான் என்பதை நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்தப் புட்டி, கடையில் இருந்தவற்றுள் விலை குறைந்தவற்றில் ஒன்று.

சாக்கேயைச் சுவைத்துப் பழக விரும்பும் தமிழருக்கு நான் சொல்ல விரும்புவதும் அதையொட்டியதே. விலையையும் அரிசி தீட்டிய அளவையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, வெப்பநிலையையும் உடன் உண்ணும் உணவையும் மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும். அதற்குத் தேவையான நாக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வடித்த கஞ்சியின் மணத்துக்கும் பழைய சோற்றுத் தண்ணீரின் புளிப்புக்கும் வேறுபாடு அறிந்த ஒருவர், அரிசி மதுவின் முன்னால் தன்னைப் புதியவராக எண்ணிக் கூசவேண்டியதில்லை.

அரிசி எப்படி மதுவாகிறது

ஜப்பானிய மொழியில் சாக்கே என்பது மது அனைத்துக்கும் பொதுப்பெயர். நாம் பேசும் அரிசி மதுவை அவர்கள் நிஹோன்ஷு என்பார்கள். அது வடித்து இறக்கும் சாராயம் அன்று. அரிசி, தண்ணீர், கோஜி என்னும் பூஞ்சை, ஈஸ்ட் ஆகியவற்றைக் கொண்டு நொதிக்கவைத்துப் பிழிந்தெடுக்கும் மது. நம் பழம்பாடல்களில் நெல்லிலிருந்து செய்த கள்ளுக்குத் தோப்பி என்ற பெயர் உண்டு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சுண்டக்கஞ்சி என்ற பெயரும் கேட்டிருப்போம். ஆகவே சோறு மதுவாகும் என்பது நமக்கு வியப்பான செய்தி அன்று. வியப்பு அது ஆகும் விதத்தில் இருக்கிறது.

திராட்சையில் சர்க்கரை இயல்பாகவே இருப்பதால் ஈஸ்ட் சேர்ந்தவுடன் நொதித்தல் தொடங்கிவிடும். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. அதை ஈஸ்டால் நேரடியாக உண்ண முடியாது. வேகவைத்த அரிசியின்மீது கோஜிப் பூஞ்சையைத் தூவி வளரவிட்டால், அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துத் தருகிறது. ஒரே தொட்டியில் ஒருபுறம் கோஜி சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கிக்கொண்டிருக்க, மறுபுறம் ஈஸ்ட் அதை அவ்வப்போதே மதுவாக்கிக்கொண்டிருக்கும். இப்படி இரண்டும் ஒருசேர நடப்பதால்தான், வடிக்காமலேயே இந்த மதுவில் ஆல்கஹால் அளவு 18 முதல் 20 விழுக்காடு வரை ஏறிவிடுகிறது. பிறகு தண்ணீர் சேர்த்துப் பெரும்பாலும் 15 அல்லது 16 விழுக்காட்டுக்குக் குறைத்துப் புட்டியில் அடைக்கிறார்கள். இந்தக் கோஜி வழி மதுத்தயாரிப்புக் கலையை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

புட்டியின் மேல் எழுதியிருப்பது

சிங்கப்பூரில் விற்கும் புட்டிகள் பலவற்றில் பின்பக்கம் ஆங்கிலத் தாள் ஒட்டியிருக்கும். அதில் முதலில் தேடவேண்டியது அரிசியைத் தீட்டிய விகிதம். அதில் 60 விழுக்காடு என்று இருந்தால், 60 விழுக்காடு அரிசி எஞ்சியிருக்கிறது, 40 விழுக்காடு தவிடாகப் போய்விட்டது என்று பொருள். எண் குறையக் குறைய அரிசி கூடுதலாகத் தீட்டப்பட்டிருக்கிறது. தஸ்ஸாய் என்னும் பெயருள்ள சாக்கேப் புட்டியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய 23 என்ற எண், ஒவ்வொரு மணியிலும் நாலில் ஒரு பங்குக்கும் குறைவே எஞ்சியது என்பதைச் சொல்கிறது. நாம் சமைத்துண்ணும் வெள்ளை அரிசியில் ஏறத்தாழ 90 விழுக்காடு எஞ்சியிருக்கும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அரிசியின் வெளிப்பகுதியில் புரதமும் கொழுப்பும் மிகுதி. அவை மதுவுக்குக் கனத்தையும் சோற்றுச் சுவையையும் தரும், அளவு மீறினால் முரட்டுத்தன்மையையும் தரும். அதை நீக்கிவிட்டு, மணியின் நடுவில் உள்ள வெண்மையான மாவுப்பகுதியை மட்டும் குளிர்ந்த சூழலில் மெதுவாக நொதிக்கவைத்தால் ஆப்பிள், வாழைப்பழம் போன்ற வாசனைகள் எழும். கைக்குத்தல் அரிசிக்கும் பட்டை தீட்டிய பொன்னிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்; கூடுதலாகத் தீட்டியதே உயர்ந்தது என்று நாம் சோற்றில் நம்புவதில்லை, சாக்கேயிலும் நம்பவேண்டியதில்லை.

எஞ்சிய அரிசி 60 விழுக்காடோ அதற்குக் குறைவோ இருந்தால் கின்ஜோ. 50 விழுக்காடோ அதற்குக் குறைவோ இருந்தால் டாய்கின்ஜோ. ஜுன்மாய் என்ற சொல் வேறொன்றைக் குறிக்கிறது: அரிசி, கோஜி, தண்ணீர், ஈஸ்ட் தவிர வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்க்கப்படவில்லை என்பதே அதன் பொருள். முன்பு ஜுன்மாய்க்கும் 70 விழுக்காடு என்ற வரம்பு இருந்தது. 2004 முதல் அது நீக்கப்பட்டது. ஹொன்ஜோசோ என்பது 70 விழுக்காடோ அதற்குக் குறைவோ எஞ்சும்படி தீட்டிய அரிசியில் செய்து, பிழிவதற்கு முன் சிறிதளவு ஆல்கஹால் சேர்த்தது. ஜுன்மாய் என்ற சொல் இல்லாமல் கின்ஜோ என்று மட்டும் எழுதியிருந்தால் அதிலும் சிறிது ஆல்கஹால் சேர்ந்திருக்கிறது.

இந்தச் சேர்க்கையைக் கலப்படம் என்று எண்ணி ஒதுக்குவோரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த வகைகளில் சேர்க்கக்கூடிய ஆல்கஹால், பயன்படுத்திய அரிசியின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று விதி உண்டு. நொதித்த கூழில் தங்கியிருக்கும் வாசனையை இழுத்தெடுக்கவும், குடித்தபின் வாய் சட்டென்று தெளியவும் அது உதவுகிறது. பொரித்த மீனோடு குடிக்க எனக்கு நல்ல ஹொன்ஜோசோவைவிடப் பொருத்தமானது இன்னும் அகப்படவில்லை.

அடுத்து, ஈஸ்டை முதலில் பெருக்கிக்கொள்ளும் தொடக்கக் கூழை உருவாக்கும் முறை. நொதிக்கும் தொட்டியில் கெட்ட கிருமிகள் வளராமல் தடுக்கப் புளிப்பு தேவை. பழைய கிமோட்டோ முறையிலும், 1909 வாக்கில் அதிலிருந்து பிறந்த யமஹாய் முறையிலும் லாக்டிக் அமிலத்தைத் தரும் நுண்ணுயிர்கள் இயல்பாக வளரும்வரை ஏறத்தாழ நான்கு வாரம் காத்திருப்பார்கள். 1910 வாக்கில் வந்த விரைவுமுறையில் அந்த அமிலத்தை நேரடியாகச் சேர்த்துவிடுவதால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வேலை முடிகிறது. இன்று பெரும்பாலான சாக்கே இப்படித்தான் உருவாகிறது. இரவு முழுதும் தானாகப் பொங்கிய இட்லி மாவுக்கும், அவசரத்துக்குப் புளித்த தயிர் கலந்து ஊற்றிய தோசை மாவுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. இரண்டும் உண்ணத்தக்கவையே, ஆனால் முதல் வகையின் புளிப்பில் ஓர் ஆழம் இருக்கும். கிமோட்டோவோ யமஹாயோ என்று எழுதிய புட்டியைக் கண்டால் அந்த ஆழத்தைத் தேடிச் சுவையுங்கள்.

மற்றச் சொற்களை விரைவாகச் சொல்லிவிடலாம். நமசாக்கே என்பது சூடேற்றிப் பதப்படுத்தாதது. வழக்கமான சாக்கேயை ஏறத்தாழ 65 பாகை வெப்பத்தில் இருமுறை சூடேற்றுவார்கள், இதில் அது இல்லை. கென்ஷு தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யாதது, ஆகவே வலுவானது. நிகோரி முற்றிலும் தெளியாமல் வெண்மையாக இருப்பது. டாருசாக்கே சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த சுகி மரப் பீப்பாயில் வைத்தது. கோஷு பல ஆண்டுகள் முதிரவிட்டது. கிஜோஷு தண்ணீரின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சாக்கேயையே ஊற்றிச் செய்யும் இனிப்பு மது. 1973இல் ஜப்பானிய அரசின் மதுத்தயாரிப்பு ஆய்வுக்கூடம் அதை உருவாக்கியது.

சில புட்டிகளில் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு ஓர் எண் இருக்கும். கூட்டல் எண் பெரிதானால் இனிப்புக் குறைவு, கழித்தலானால் இனிப்பு மிகுதி என்பது பொதுவான கணக்கு. ஆனால் அது மதுவின் அடர்த்தியை அளந்து சொல்லும் எண். புளிப்பு கூடினால் அதே மது இன்னும் உலர்ந்ததாகத் தோன்றும். எனவே அந்த எண்ணைக் கடையில் ஒரு திசைகாட்டியாகக் கொள்ளலாம், அவ்வளவே.

எதை வாங்குவது, எப்படி வைப்பது

தக்காஷிமாயாவின் நிலத்தடித் தளத்திலும், மில்லேனியா வாக்கில் உள்ள மெய்டியாவிலும், 2017இல் ஆர்ச்சர்ட் சென்ட்ரலில் தொடங்கிப் பின்னர்ப் பல இடங்களில் கிளை விரித்த டோன்கியிலும் சாக்கே வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். தீர்வையும் பொருள் சேவை வரியும் சேர்வதால் ஜப்பானில் கொடுக்கும் விலையை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆகவே முதன்முறை 720 மில்லிலிட்டர் புட்டிகளை வாங்கி அடுக்காமல், 300 மில்லிலிட்டர் சிறு புட்டிகள் மூன்று நான்கு வாங்குவது நல்லது. 1964இல் ஓசெக்கி நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒன் கப் போன்ற கண்ணாடிக் குவளைச் சாக்கேயும் கிடைக்கும். அதை ஏளனம் செய்யவேண்டாம், சூடாக்கிக் குடித்துப் பழக அது நல்ல பாடம். இரவு 10.30 மணிக்கு மேல் கடைகளில் மது விற்கமாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது நான்கு புட்டிகள்: ஜுன்மாய் கின்ஜோ அல்லது டாய்கின்ஜோ ஒன்று, ஹொன்ஜோசோ ஒன்று, கிமோட்டோ அல்லது யமஹாய் முறை ஜுன்மாய் ஒன்று, நிகோரி ஒன்று. முடிந்தால் ஒரே பிராந்தியத்திலிருந்து எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். கோபே, நிஷினோமியா நகரங்களை ஒட்டிய நாடா பகுதியின் தண்ணீர் கடினமானது. 1840இல் கண்டறியப்பட்ட மியாமிசு ஊற்றின் தாதுக்கள் ஈஸ்டை வேகமாக இயங்கவைப்பதால் அந்த ஊர்ச் சாக்கே திடமாகவும் வறட்சியாகவும் அமைந்தது. கியோத்தோவின் புஷிமியில் தண்ணீர் அதைவிட மென்மையானது, சாக்கேயும் மிருதுவானது. நாடாவின் மதுவை ஆண்மது என்றும் புஷிமியின் மதுவைப் பெண்மது என்றும் ஜப்பானியர் சொல்வது இதனால்தான். நீகத்தாவின் சாக்கே மெலிந்து தெளிந்திருக்கும். குபோட்டா, ஹக்காய்சான் என்ற பெயருள்ள சாக்கேகள் அங்கிருந்து வருபவை.

புட்டியில் ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் நாள் குறித்திருந்தால், ரெய்வா ஆண்டோடு 2018ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். ரெய்வா 7 என்றால் 2025. பொதுவாக அது புட்டியில் அடைத்த மாதத்தைக் குறிக்கும். கோஷு தவிர மற்றவற்றை வாங்கி முதிரவிடுவதில் பயனில்லை. ஓராண்டுக்குள் அடைத்தவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

வைத்திருக்கும் இடம் நம் ஊரில் பெரிய சிக்கல். குளிர்ந்த இருட்டான இடத்தில் வைக்கவும் என்று ஜப்பானில் எழுதும்போது, அடுக்குமாடி வீட்டின் சமையலறை அலமாரியை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். நமசாக்கே ஒன்றை அறியாமல் மூன்று வாரம் அலமாரியில் வைத்துவிட்டு, சிக்கடித்த வேர்க்கடலை வாடையோடு அதைக் கழுவுதொட்டியில் ஊற்றியவன் நான். சிங்கப்பூரில் எந்தச் சாக்கேயானாலும் குளிர்பதனப் பெட்டிக்குள், வெளிச்சம் படாமல், செய்தித்தாளில் சுற்றி, நிற்கும் நிலையில் வைப்பதே பாதுகாப்பானது.

சுவைக்கும் முறை

வெண்மையான சிறு கிண்ணத்தின் அடியில் இரண்டு நீல வளையங்கள் வரைந்ததைத்தான் ஜப்பானில் சாக்கேயைச் சோதிப்போர் பயன்படுத்துவார்கள். வெண்மையில் நிறம் தெரியும். நீல வளையத்தின் விளிம்பு எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது என்பதில் தெளிவு தெரியும். அது இல்லாவிட்டால் வெள்ளைப் பீங்கான் கிண்ணம் போதும். வாசனை மிகுந்த கின்ஜோ வகைக்கு மட்டும் சிறிய ஒயின் கிளாஸ் கூடுதலாக உதவும்.

ஒவ்வொன்றிலும் 30 மில்லிலிட்டருக்கு மேல் ஊற்றவேண்டாம். நம் வெப்பத்தில் பெரிய அளவு ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் அது வேறொரு மதுவாகிவிடும். முதலில் பாருங்கள்: பச்சைத் தண்ணீர்போல் இருக்கிறதா, வைக்கோல் நிறம் ஓடுகிறதா, தேன்போல் பழுத்திருக்கிறதா என்று. பிறகு கிண்ணத்தை ஆட்டாமல் முகருங்கள். அதன்பின் ஒரு தேக்கரண்டி அளவு வாயில் வைத்து, நாக்கு முழுதும் பரவவிட்டு, உதட்டைக் குவித்துச் சிறிது காற்றை உள்ளே இழுத்து, மூக்குவழியாக விடுங்கள். கிண்ணத்திலிருந்து எழும் வாசனையும் வாய்க்குள்ளிருந்து மூக்குக்கு ஏறும் வாசனையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. யமஹாய் வகையில் முன்னது அடங்கியும் பின்னது ஓங்கியும் இருப்பதைக் காணலாம். கடைசியில் விழுங்கிவிட்டு, சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி விலகுகிறது என்று கவனியுங்கள். கத்தியால் வெட்டினாற்போல் சுவை சட்டென்று விலகுவதை ஜப்பானியர் கிரெ என்பார்கள். நல்ல ரசத்தைக் குடித்தபின் தொண்டை தெளிவதை ஒத்தது அது.

மரபாக அவர்கள் சாக்கேயின் சுவையை இனிப்பு, புளிப்பு, காரம், கைப்பு, துவர்ப்பு என்று ஐந்தாகச் சொல்வார்கள். நம் அறுசுவையிலிருந்து உவர்ப்பை மட்டும் எடுத்துவிட்டால் இந்த ஐந்தும் அப்படியே கிடைக்கின்றன. விடுபட்ட உப்பைத் தட்டில் இருக்கும் உணவு தரவேண்டும். மசு என்னும் சதுர மரக்கிண்ணத்தின் மூலையில் சிறிது உப்பை வைத்துக்கொண்டு குடிக்கும் பழக்கம்கூட உண்டு. இவற்றுள் காரம் என்பது மிளகாயின் எரிச்சலைக் குறிக்காமல், இனிப்பற்ற வறட்சியையும் ஆல்கஹாலின் உறைப்பையும் குறிக்கிறது. உலர்ந்த வகையைக் கராகுச்சி என்கிறார்கள். நம் காரத்தோடு அது ஒலியில் ஒத்திருப்பதை நினைவுக்கு உதவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் உறவு கொண்டாடவேண்டாம்.

சுவைத்ததை எழுதி வைப்பது மிக முக்கியம், அதை உங்கள் சொற்களில் எழுதுவது அதைவிட முக்கியம். பேரிக்காய், முலாம்பழம், வெள்ளைப் பூக்கள் என்று பிறர் எழுதியதைப் பார்த்து எழுதினால் அடுத்த முறை உங்களுக்கே விளங்காது. என் குறிப்பேட்டில் முதற்கஞ்சி, நனைத்த அவல், பொரி, பழுத்த பூவன், மோர், ஊறவைத்த உளுந்து, புதுப்பானை, பேரீச்சம்பழம், வெல்லப்பாகு என்றே எழுதியிருக்கிறேன். உமாமி என்பது ஆறுக்குள் அடங்காத சுவை. வேகவைத்த பருப்பின் மேல்தெளிவையும், கருவாட்டுக் குழம்பு மறுநாள் பெறும் ஆழத்தையும் நினைத்துக்கொண்டால் அது பிடிபடும். மற்றொருபுறம், தெளிவான புதிய சாக்கேயில் ஊறுகாய் முள்ளங்கியின் வாடை வந்தால் அது பழுதாகிவிட்டது என்று அறியலாம்.

வெப்பநிலை என்னும் திறவுகோல்

ஜப்பானியர் சாக்கேயின் வெப்பநிலைகளுக்குப் பெயர் வைத்திருக்கும் அழகு தனியானது. 5 பாகை பனிக்குளிர், 10 பாகை பூக்குளிர், 30 பாகை வெயில்சூடு, 35 பாகை மேனிச்சூடு. 40 பாகைக்கு நுருகான், 45க்கு ஜோகான், 50க்கு அட்சுகான் என்று அது ஏறிச் செல்லும். அவர்கள் அறைவெப்பம் என்று சொல்வது ஏறத்தாழ 20 பாகையை. சிங்கப்பூரில் காற்றுப்பதனம் இல்லாத கூடத்தில் ஒரு கிண்ணத்தை மறந்து வைத்துவிட்டாலே அது வெயில்சூட்டை எட்டிவிடும். நாம் ஒன்றும் செய்யாமலேயே ஒரு படி ஏறி நிற்கிறோம்.

டாய்கின்ஜோவைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாதீர்கள். 5 பாகையில் வாசனை உறங்கிக்கிடக்கும். பத்து நிமிடம் வெளியே வைத்தால் பூக்குளிரைத் தாண்டி மெல்ல எழும். பனிக்கட்டி வாளியில் வைத்துத் தரும் உணவகத்தில், புட்டியை வாளியிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்வதில் தவறில்லை. நிகோரியும் நமசாக்கேயும் குளிர்ந்தே இருக்கட்டும். ஹொன்ஜோசோ, ஜுன்மாய், அவற்றினும் மேலாகக் கிமோட்டோ, யமஹாய் வகைகளே சூட்டில் மலர்பவை. குளிரில் கூர்மையாக உறுத்திய புளிப்பு 45 பாகையில் வட்டமாகி, சோற்றின் இனிப்பு மேலே வந்துவிடும்.

சூடாக்குவதற்கு டோக்குரி என்னும் கழுத்துக் குறுகிய பீங்கான் குடுவை வேண்டும் என்று தள்ளிப்போடவேண்டியதில்லை. ஜப்பானியக் கடைகளிலேயே உலோகக் குவளையில் சூடாக்கும் வழக்கம் உண்டு. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் அந்த வேலையை நன்றாகவே செய்யும். பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். டம்ளரில் முக்கால் பங்கு சாக்கே ஊற்றி, வெந்நீர் அதன் தோளளவு நிற்கும்படி இறக்கி வையுங்கள். இரண்டு நிமிடத்தில் சமையல் வெப்பமானியை விட்டுப் பார்த்து, 40 பாகையில் ஒரு வாய், 45இல் ஒரு வாய், 50இல் ஒரு வாய் என்று சுவைத்துக்கொண்டே போனால், அந்தப் புட்டி எந்த இடத்தில் தன்னைத் திறந்து காட்டுகிறது என்பது தெரிந்துவிடும். நேரடியாகத் தீயில் வைத்தால் ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாகி மூக்கை அறையும். 55 பாகைக்கு மேல் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை.

நம் தட்டோடு சேர்த்து

சாக்கே மீனோடு சண்டையிடாது என்று ஜப்பானியர் சொல்வதை நம் மேசையிலும் சோதிக்கலாம், ஆனால் மிளகாயை மறந்துவிடக்கூடாது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும். வாசனை மிகுந்த டாய்கின்ஜோவை மீன்தலைக் கறியோடு வைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும், கொடுத்த காசின் வாசனை புளியிலும் மல்லியிலும் மூழ்கிவிடும். அதை இஞ்சித் துவையல் தொடாத வெள்ளைக் கோழிச்சோற்றோடும், வேகவைத்த இறாலோடும், இளநீர் வழுக்கையோடும் கொடுத்துப் பாருங்கள்.

சம்பால் தடவிச் சுட்ட திருக்கை, மிளகாய் நண்டு, நம் வீட்டு இறால் தொக்கு ஆகியவற்றுக்கு நிகோரி ஏற்றது. அதன் மாவும் இனிப்பும் தயிர்ப்பச்சடி செய்யும் வேலையைச் செய்யும். மட்டன் சுக்கா, ஆட்டுக்கால் சூப், மிளகு மிகுந்த கோழி வறுவல் முதலிய கனமான உணவுகளுக்குச் சூடான யமஹாய்; மிளகின் காரமும் கொழுப்பும் அதன் புளிப்பில் தணிவதை உணரலாம். சத்தேயின் வேர்க்கடலைச் சாறுக்கும் அதுவே. நெத்திலி வறுவல், வஞ்சிரம் பொரியல், மெதுவடை போன்ற எண்ணெய்ப் பண்டங்களுக்குச் சூடான ஹொன்ஜோசோ. தேங்காய்ப்பால் சேர்ந்த மரக்கறிக் குழம்புக்கு எதை வைப்பது என்று எனக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. வெயில்சூட்டில் எளிய ஜுன்மாய் அதற்குப் பொருந்தியது, ஒருவேளை இரண்டிலும் சோற்றின் மென்மை இருப்பதாலோ என்னவோ. கோஷுவையும் கிஜோஷுவையும் உணவு முடிந்தபின் எடுங்கள். அதிரசத்தோடும் மைசூர்பாகோடும் அவை சேரும் விதத்தை ஜப்பானில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். புளிக்குழம்போடு மட்டும் எந்தச் சாக்கேயையும் என்னால் இணக்கமாக்க முடியவில்லை.

நான்கு பேர் கூடி ஒரு மாலையில் சுவைப்பதானால், குளிர்ந்த கின்ஜோவில் தொடங்கி, ஹொன்ஜோசோவைக் குளிராகவும் சூடாகவும் பார்த்து, யமஹாயைச் சூடாக்கி, நிகோரியில் முடியுங்கள். தனக்குத்தானே ஊற்றிக்கொள்ளாமல் ஒருவர் கிண்ணத்தை மற்றவர் நிரப்புவது அவர்கள் வழக்கம்; பெரியவருக்கு ஊற்றும்போது இரு கையாலும் புட்டியைப் பிடிப்பது நமக்குச் சொல்லித்தரவேண்டிய மரியாதை அன்று. சாக்கே அருந்தும் அளவுக்குக் குறையாமல் தண்ணீரும் அருந்தவேண்டும். அந்தத் தண்ணீருக்கென்றே அவர்களிடம் தனிப்பெயர் இருக்கிறது. 15 விழுக்காடுள்ள சாக்கே 180 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 21 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. வழுவழுப்பு அதை மறைத்துவிடும். பெருவிரைவு ரயிலில் வந்து ரயிலில் திரும்புங்கள். மது அருந்தாத உறவினர் மேசையில் இருந்தால், கோஜியால் செய்த அமசாக்கேயை அவர்களுக்கு வையுங்கள். இனிப்பான அரிசிப் பானம் அது, மதுப்பிழிந்த சக்கையால் செய்த வகையாக இல்லாதபடி மட்டும் பார்த்து வாங்கவேண்டும்.

மீந்ததை மூடிப் பெட்டியில் வைத்தால் கின்ஜோ மூன்று நான்கு நாளில் வாசனை இழக்கும். ஜுன்மாயும் யமஹாயும் ஒரு வாரம் தாங்கும், சில இரண்டாம் நாள் இன்னும் நன்றாகவே இருக்கும். அதற்கும் பிந்தினால் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். தேக்கா ஈரச்சந்தையில் லாலா மட்டி அரைக் கிலோ வாங்கி, உப்புநீரில் மணல் போகவிட்டு, நசுக்கிய இஞ்சியோடும் இரண்டு பச்சைமிளகாயோடும் சட்டியில் போட்டு, மீந்த சாக்கேயில் அரைக் குவளை ஊற்றி மூடுங்கள். ஓடுகள் வாய் திறந்தவுடன் இறக்கிவிடவேண்டும். கவுச்சி போயிருக்கும், அடியில் நிற்கும் சாறுக்குச் சுடுசோறு வேண்டும்.